உவர்நீர் மீன் தொட்டிக்கும் ஒரு கலங்கல்

ஏரியைக் காப்பது கரை என்று பொதுவாகச் சொல்லுவதுண்டு. அந்தக் கரையைக் காப்பது கலங்கல் என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். வந்த நீர் வந்த வேகத்திலேயே வெளியேற வழியில்லையானால், எவ்வளவு வலிய கரையும் ஓர் இரவில் உடைந்துவிடும். ஆகையினாலேதான் நம் முன்னோர் ஏரி வெட்டும்போதே கலங்கலுக்கும் இடம் வகுத்தனர். வீட்டு முற்றத்தில் வைக்கும் மீன் தொட்டிக்கும் இதே விதி பொருந்தும். சிறப்பாக, உவர்நீரில் மீன் வளர்க்கும் தொட்டியில் கலங்கல் பழுதுபட்டால் மீனுக்கு மட்டுமன்றிக் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் கேடு நேரும். அப்பழுதுகளை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு நீக்குவது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரி, நன்னீரும் உவர்நீரும் அண்டை வீட்டாராக வாழும் பகுதியில் அமைந்த ஊர். ஊரில் ஏரி உண்டு. கிழக்கே பழைய மகாபலிபுரம் சாலையைக் கடந்து சென்றால் பக்கிங்காம் கால்வாய். அதற்கும் அப்பால் முட்டுக்காட்டு உப்பங்கழி. 1987ஆம் ஆண்டில் தோன்றிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் தலைமையகத்தையும் முட்டுக்காட்டில் ஆய்வுப் பண்ணையையும் கொண்டது. கொடுவா மீனை 1997ஆம் ஆண்டிலும், பால்கெண்டையை 2015ஆம் ஆண்டிலும் அடைப்பு நீரில் இனப்பெருக்கம் செய்வித்து அந்நிறுவனம் வெற்றி கண்டது. இத்தகைய முயற்சிகளால் உவர்நீர் மீன் வளர்ப்பு கரையோர மக்களின் கவனத்தைப் பெற்றது. வண்ண மீன் வளர்ப்பையும் வீட்டுத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் உளர். ஆனால் மீனைப் பற்றி அறிந்த அளவுக்குத் தொட்டியைப் பற்றி அறியாதவர், முதல் மின்தடையிலேயே இடருக்குள்ளாவர்.

தொட்டியின் அமைப்பு

முதலில் அமைப்பை விளங்கிக்கொள்வோம். மீன் வாழும் தொட்டி மேலே இருக்கும். அதற்குக் கீழே வேறொரு தொட்டி உண்டு. இதனை அடித்தொட்டி என்போம். அடித்தொட்டியில் உள்ள மோட்டார், நீரை மேலே ஏற்றும். ஏறிய நீர் மேல் தொட்டியின் விளிம்பையொட்டிய ஒரு வாயின் வழியே வழிந்து, குழாயில் இறங்கி, மணலும் வடிகட்டியும் உள்ள அடித்தொட்டிக்குத் திரும்பும். இந்த வாயும் குழாயும் சேர்ந்ததே தொட்டியின் கலங்கல்.

இது இரு வகைப்படும். சிமெண்டுத் தொட்டியிலும் நாரிழைத் தொட்டியிலும் துளையிட்டு நேர்குழாய் நிறுத்துவது ஒரு வகை. குழாயின் மேல்வாய் எந்த உயரத்தில் உள்ளதோ, அந்த உயரத்திலேயே நீர்மட்டம் நிற்கும். துளையிட இயலாத கண்ணாடித் தொட்டியில், விளிம்பின் மேல் ஒரு வளைகுழாயைக் கவிழ்த்து நீரை வெளியேற்றுவது மற்றொரு வகை. இதற்குச் சைபன் என்று பெயர். பீப்பாயிலிருந்து ரப்பர் குழாயால் எண்ணெய் இறக்குவோர் கையாளும் முறையே இது. உறுதிப்படுத்திய கண்ணாடியைத் துளையிட முயன்றால் அது முழுவதும் சிதறிவிடும்; ஆதலால் அத்தகைய தொட்டிக்குச் சைபனே வழி.

ஏறினால் எங்கே இறங்கிற்று?

பழுதைக் கண்டறிய ஒரு திறவுகோல் உண்டு. இரு தொட்டிகளிலும் உள்ள நீரின் மொத்த அளவு ஒன்றே. ஓரிடத்தில் மட்டம் ஏறினால் மற்றோரிடத்தில் இறங்கியே தீரும். இரண்டிலும் ஒருங்கே ஏறினால் வெளியிலிருந்து நீர் வந்திருக்கிறது. ஒன்றிலும் ஏறாமல் மொத்தம் குறைந்தால் நீர் வெளியே போயிருக்கிறது. குழாயைக் கழற்றுவதற்கு முன் இரு மட்டங்களையும் நோக்க வேண்டும். இதற்காக இரு தொட்டிகளின் பக்கத்திலும் வழக்கமான மட்டத்துக்கு ஒரு கோடு வரைந்து வைப்பது நலம்.

மேலே ஏறி, கீழே இறங்கினால்

மேல் தொட்டியில் மட்டம் உயர்ந்து அடித்தொட்டியில் குறைந்தால், கலங்கல் தன் வேலையைச் செய்யவில்லை என்பது பொருள். இதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

முதலாவது, அடைப்பு. பாசி, நத்தை, செத்த மீன் ஆகியவை வாயில் உள்ள சல்லடையை மூடிவிடும். உவர்நீருக்கே உரிய வேறொரு தொல்லையும் உண்டு. நீர் தெறிக்கும் இடங்களில் ஈரம் உலர்ந்து உப்புப் பூக்கும். நாளடைவில் அது சல்லடையின் பற்களுக்கிடையே கல்லாக இறுகும். வாரம் ஒருமுறை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்தால் உப்பு கரைந்துவிடும். குழாயின் வாயையொட்டிச் சிறு சல்லடை வைப்பதைவிட, குழாயைச் சுற்றி அகன்ற கூடை போன்ற சல்லடை அமைப்பதே சிறந்தது. ஒரு பகுதி அடைபட்டாலும் மறுபகுதி வழிவிடும்.

இரண்டாவது, வரத்து மிகுதி. பழைய மோட்டாரை மாற்றிப் பெரியதைப் பொருத்துவோர், குழாயை மாற்ற மறந்துவிடுவர். வரத்தை அளப்பது எளிது. மோட்டார் ஏற்றும் நீரை 15 லிட்டர் வாளியில் பிடித்து, கடிகாரத்தைப் பார்க்கவும். 45 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 20 லிட்டர். மணிக்கு 1,200 லிட்டர். குழாய் தாங்காவிடில் மோட்டாரின் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது குழாயைப் பெரிதாக்க வேண்டும். குழாயின் விட்டம் இரு மடங்கானால் அதன் வாய்ப்பரப்பு நான்கு மடங்காகும்.

மூன்றாவது, சைபன் அறுபடுதல். வளைகுழாயின் உச்சியில் காற்றுக்குமிழிகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து நீரோட்டத்தைத் துண்டித்துவிடும். ஓட்டம் மந்தமாக இருந்தால் குமிழிகள் அடித்துச் செல்லப்படாமல் தங்கிவிடும்; எனவே மிகப் பெரிய வளைகுழாயும் தீமையே. உச்சியில் சேர்ந்த காற்றை மெல்லிய குழாயால் உறிஞ்சி அகற்ற வேண்டும். வளைகுழாயின் இரு முனைகளும் எப்போதும் நீரில் மூழ்கியிருக்குமாறு, அவற்றுக்கு அடியில் நீர் தேங்கும் பெட்டிகள் வைப்பது வழக்கம். மோட்டாரை 10 நிமிடம் நிறுத்திப் பின் ஓட்டிப் பாருங்கள். நீர் தானாகவே மீண்டும் வடியத் தொடங்கினால் அமைப்புச் சரி. தொடங்கவில்லையெனில் அத்தொட்டியை ஓரிரவுகூட நம்பி விடலாகாது.

மின்சாரம் நின்றபோது

மின்தடையின்போது அடித்தொட்டி வழிந்தோடினால், கலங்கலைக் குறை கூறுவதற்கில்லை. அடித்தொட்டியில் இடம் விடாததே குறை. மோட்டார் நின்றதும், மேல் தொட்டியில் வாய்மட்டத்துக்கு மேலுள்ள நீர் முழுவதும் இறங்கிவிடும். 120 செண்டிமீட்டர் நீளமும் 45 செண்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் மட்டம் 3 செண்டிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 16 லிட்டர் கீழே வரும். குழாய்களில் நிற்கும் நீரையும் சேர்த்து, 20 லிட்டருக்குக் குறையாத இடம் அடித்தொட்டியில் காலியாக இருத்தல் வேண்டும்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. மோட்டார் நீர் ஏற்றும் குழாயின் முனை மேல் தொட்டியில் ஆழ மூழ்கியிருந்தால், மோட்டார் நின்றவுடன் அக்குழாயே சைபனாக மாறி, நீரைத் தலைகீழாக இறக்கிவிடும். அம்முனையை நீர்மட்டத்தை ஒட்டி வைக்க வேண்டும்; அல்லது மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை இட வேண்டும். மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று நுழைந்து ஓட்டம் நின்றுவிடும். இத்துளையும் பாசியாலும் உப்பாலும் அடைபடக்கூடியதே. மாதந்தோறும் குத்தித் தூய்மை செய்க.

இதன் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். மேல் தொட்டியில் வாய்மட்டத்திலிருந்து விளிம்பு வரை 5 செண்டிமீட்டர் இடைவெளி இருந்தால், மேலே சொன்ன தொட்டியில் 27 லிட்டர் கூடுதலாகக் கொள்ளும். அடித்தொட்டியில் மோட்டாரைச் சற்று உயர்த்தி வைத்து, அதனால் 25 லிட்டருக்கு மேல் உறிஞ்ச முடியாதவாறு செய்துவிட்டால், கலங்கல் முற்றும் அடைபட்டாலும் மேல் தொட்டி வழியாது. மோட்டார் வறண்டு ஓடிக் கெடலாம். ஆனால் வீடு நனையாது. இக்கணக்கைத் தொட்டி அமைக்கும்போதே போட்டுவிடுவது அறிவுடைமை. அதனோடு, முதல் வாய்க்கு ஒரு விரற்கடை உயரத்தில் இரண்டாவது குழாய் ஒன்றையும் வைத்தால், முதல் குழாய் அடைபட்டபோது அது கைகொடுக்கும். அக்குழாயில் என்றும் நீர் ஓடக்கூடாது. ஓடினால் அதுவே பழுதின் அறிவிப்பு.

நீர் குறைந்தால் உப்பைக் கேளுங்கள்

மொத்த நீர் நாளுக்கு நாள் குறைகிறதா? அது ஆவியாகிறதா, ஒழுகுகிறதா என்று அறியாமல் நீர் ஊற்றலாகாது. வெயிலில் ஆவியாவது நீர் மட்டுமே; உப்பு தங்கிவிடும். ஒழுகும்போதோ நீரும் உப்பும் சேர்ந்தே போகும். உப்பளவு காட்டும் மிதவைக் கருவியை இட்டுப் பார்த்தால், அளவு உயர்ந்திருப்பின் ஆவி. அளவு மாறாதிருப்பின் ஒழுக்கு. ஆவியானதற்கு நன்னீரே ஊற்ற வேண்டும். ஒழுகியதற்கு, ஒழுக்கை அடைத்தபின், அதே உப்பளவுள்ள நீர் ஊற்ற வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் ஒவ்வொரு முறையும் உப்பு நீரையே ஊற்றி வந்தால், உப்பு ஏறி மீன்கள் வாடும். ஒழுகும் இணைப்பைக் கண்டுபிடிப்பதும் கடினமன்று. அங்கே வெண்மையாக உப்புப் பூத்திருக்கும்.

மழைக்காலம்

திறந்த முற்றத்தில் உள்ள தொட்டிக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களே சோதனைக் காலம். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 10 செண்டிமீட்டர் மழை பெய்தால் 600 லிட்டர் நீர் சேரும். 2015 டிசம்பர் 1ஆம் நாள் காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய நாளில் இதே தொட்டியில் ஏறக்குறைய 2,900 லிட்டர் விழும்.

மழைநீர் உவர்நீரைவிட இலேசானது. ஆகவே நீரைக் கலக்காதிருந்தால் அது மேலே மிதக்கும். வாய் மேற்பரப்பில் இருக்குமானால் மழைநீரே முதலில் வெளியேறும். ஆனால், அடிக்கசடு நீங்குவதற்காக நேர்குழாயைச் சுற்றி அகன்ற உறைக்குழாய் ஒன்றைக் கவிழ்த்து, அடிநீரை வெளியேற்றும் வழக்கம் உண்டு. மழையின்போது அவ்வுறையை எடுத்துவிட வேண்டும். தவறினால் உவர்நீர் முழுவதும் போய், மழைநீர் எஞ்சும். மழை விட்டதும் உப்பளவைப் பார்த்துப் படிப்படியாகச் சரிசெய்க.

வழிந்த நீர் எங்கே போகிறது?

ஊராட்சி உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டியது இதுவே. ஒரு லிட்டருக்கு 20 கிராம் உப்புள்ள 1,000 லிட்டர் நீரில் 20 கிலோ உப்பு அடங்கியிருக்கிறது. இந்நீர் வழிந்து கிணற்றடியில் இறங்கினால் குடிநீர் கரிக்கும். தோட்டத்தில் பாய்ந்தால் மண் உவராகும். ஏரியின் வரத்து வாய்க்காலில் கலந்தால் ஒருவர் வீட்டுப் பழுது ஊரார் பழுதாகும். ஆகையால் தொட்டியைச் சுற்றிச் சிமெண்டு வரம்பு கட்டி, வழியும் நீரைக் கசியாத ஒரு குழியில் சேர்க்க வேண்டும். தெளிந்த நீரைத் திரும்பவும் பயன்படுத்தலாம். எஞ்சியதைத் தார்ப்பாய் விரித்த பாத்தியில் வெயிலில் உலர்த்தி, உப்பை அள்ளி அகற்றலாம்; அது சமையலுக்கு ஆகாது. வளர்ப்பு மீன்களை ஏரியிலோ கால்வாயிலோ விடுவதும் கூடாது.

மின்சாரத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. உவர்நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். மோட்டாரின் இணைப்புப் பெட்டி நீர்மட்டத்துக்கு மேலே, வழிந்த நீர் எட்டாத சுவரில் இருக்க வேண்டும். மின்கம்பி பெட்டியை அடையுமுன் சற்றுக் கீழே தொங்கி மேலேறினால், கம்பி வழியே இறங்கும் நீர் அங்கேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் கருவியைப் பொருத்துவது இன்றியமையாதது. தரையில் நீர் தேங்கியிருந்தால், முதலில் மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

கார்த்திகை மழைக்கு முன் ஏரிக் கலங்கலைத் தூர்வாரிச் செப்பனிடுவது நம் ஊர்களின் நெடுநாள் ஒழுங்கு. அவ்வொழுங்கையே தொட்டிக்கும் கைக்கொள்வோமாக. வாரம் ஒருமுறை சல்லடை. மாதம் ஒருமுறை காற்றுத் துளையும், மோட்டாரை நிறுத்திப் பார்க்கும் சோதனையும். நாள்தோறும் இரு கோடுகளின் மேல் ஒரு பார்வை. இவ்வளவே வேண்டுவது. இதற்குச் செலவில்லை, தவறினால் மீனும் போகும், நன்னீரும் போகும்.