ஒலியலையும் மணற்கோலமும்

ஒலி செவிக்குப் புலனாதலேயன்றி, அணித்துள்ள பொருள்களை அசைத்தலும் உண்டு. அஃது அசைக்குமாறும், அவ்வசைவு கொண்டு துணியத்தக்கதும் தகாததும் ஈண்டு ஆராயப்படும்.

அதிரும் பொருள் தன்னைச் சூழ்ந்த காற்றை முன்தள்ளுங்கால் அது செறியும், பின்வாங்குங்கால் நெகிழும். இவை அலையாய்ப் பரத்தலே ஒலி. காற்று தன்னிடத்தே நின்று அசைய, அசைவு மாத்திரையே செல்லும். 20 பாகை வெப்பமுள்ள காற்றில் அதன் விரைவு நொடிக்கு 343 மீட்டராம்.

எதிர்ப்பட்ட பொருளை அவ்வலை மாறிமாறி அழுத்தும். பேச்சொலியின் அழுத்தமோ வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 50 இலட்சத்தில் ஒரு பங்கே. அற்றேல், அது திண்ணிய பொருளை அசைத்தல் யாங்ஙனமெனின், ஒவ்வொரு பொருட்கும் இயல்பாய அதிர்வெண்கள் உள. அலையின் எண் அவற்றுள் ஒன்றனோடு ஒத்தவழி, ஊஞ்சலை உரிய காலத்திற் சிறுகச் சிறுக உந்தினாற்போல, அசைவு பெருகும். ஒரே சுருதியிற் கூட்டிய இரு நரம்புகளில் ஒன்றை மீட்ட, மற்றையதன்மேல் மடித்து வைத்த காகிதத்துண்டு துள்ளி விழுதல் காட்சியளவையாற் காணத்தக்கது.

ஜெர்மனி நாட்டு எர்ன்ஸ்ட் கிளாட்னி என்பார், தகட்டின்மேல் மணல் தூவி, அதன் விளிம்பை வில்லால் இழுத்து அதிர்வித்தார். மணல் அதிரும் இடங்களை விட்டு அதிராத வரைகளில் ஒதுங்கிக் கோலமாயிற்று. இதனை அவர் 1787ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். பின்னர் 1885இல், வேல்ஸ் நாட்டுப் பாடகியார் மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ், இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வின்மேல் தூளைத் தூவிப் பாட, குரலாலேயே கோலங்கள் எழுந்தன.

இவற்றைக் கண்டு, கோலமே ஒலியின் வடிவென்றும், மந்திரங்களின் உருவம் இதனால் மெய்ப்பிக்கப்பட்டதென்றும் கூறுவாருளர். அது பொருந்தாது. மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டியவாறு, மணல் அதிராத வரைகளை அடைய, மிக நுண்ணிய தூளோ தகட்டின்மேல் எழும் காற்றோட்டத்தால் மிக அதிரும் இடங்களிற் குவியும். ஒரே ஒலி, ஒரே தகடு. கோலமோ தம்முள் மாறுபட்டன. தகட்டின் வடிவை மாற்றினும் கோலம் மாறும். ஆகலின் கோலம் ஒலியின் சொந்த வடிவன்று. குடத்திற்கு மண்போல மணல் முதற்காரணம். திரிகைபோலத் தகடும் அதிர்வும் துணைக்காரணம். குயவன்போல வில்லிழுப்போன் நிமித்தகாரணம்.

மேலும், செவியிற்படும் ஒலி நால்வகை வாக்கினுள் வைகரியின்பாற் பட்டது. சூக்குமை முதலியன செவிப்புலனுக்கு எட்டா. ஒன்றன்கட் கண்ட சோதனையைக் கொண்டு மற்றொன்றனை நிறுவப் புகுதல் ஏதுவின்றிக் கருதுதலேயாம். மந்திரத்தின் பெருமைக்கு மணலின் சான்று வேண்டப்படுவதன்று. மணலின் அசைவுக்கோ காற்றின் அழுத்தமும் தகட்டின் இயல்புமே போதிய காரணமென்க.