பந்தியும் பாடமே

சேலம் நகருக்கு வடக்கே ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அம்மலைமேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் ஏற்காடு என்னும் ஊர் அமைந்துள்ளது. அங்குள்ள தோட்டங்களில் காப்பிச் செடிகள் பெருமரங்களின் நிழலிலே வளர்கின்றன. கடுவெயில் தாக்காதவாறு அம்மரங்கள் செடிகளைக் காக்கின்றன. தொடக்கப் பள்ளிச் சிறுவரும் அவ்விளஞ்செடிகளைப் போன்றவரே. பெரியோருடைய நல்லொழுக்கத்தின் நிழலிலேதான் அவர்தம் பண்பு தழைக்கும்.

இம்மலைச் சிற்றூர்களில் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் பயிலுதற்கென அரசினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை நடத்துகின்றனர். அங்கே பயில்வோர் உண்பதும் உறங்குவதும் ஓரிடத்திலேயாம். ஆதலின், மாலை மணி அடித்ததும் பாடம் முடிந்துவிடுவதில்லை. உணவைப் பகிர்ந்துண்ணல், உறைவிடத்தைத் தூய்மையாக வைத்தல், நோயுற்ற தோழனுக்கு உதவுதல் ஆகிய ஒவ்வொன்றும் அறம் பயிலும் வாய்ப்பாகின்றது.

பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் ஔவையார் அருளிய ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் இளஞ்சிறுவர்க்குரிய பாடங்களாக விளங்கின. எழுத்தை அறியும்போதே அறத்தையும் அறிதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கருத்து. அது போற்றத்தக்கதே. ஆயினும், நாவில் ஏறிய அறம் நடையிலும் இறங்குதல் வேண்டுமன்றோ?

இவ்வுண்மையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டு வரலாற்றில் உண்டு. விடுதலை வீரரும் தமிழறிஞருமாகிய வ. வே. சு. ஐயர், 1922ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த சேரன்மாதேவியில் குருகுலம் ஒன்றை நிறுவினார். நாட்டுப்பற்று மிக்க இளைஞரை உருவாக்குவதே அவர் நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரசும் அதற்குப் பொருளுதவி செய்தது. ஆயின், அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. பழைய சேலம் மாவட்டத்து இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பி. வரதராசுலு நாயுடு இதனைக் கடுமையாக எதிர்த்தார். ஈ. வெ. ராமசாமிப் பெரியாரும் கண்டித்தார். கிளர்ச்சி வலுத்தது. 1925இல் ஐயர் தம் பொறுப்பினின்றும் விலகினார்.

ஐயரின் தியாகத்தை எவரும் மறுக்கமாட்டார். ஆயினும், 'நாம் அனைவரும் ஒரு தாய் மக்கள்' என்று வகுப்பில் கேட்ட சிறுவன், பந்தியிலே வேற்றுமையைக் கண்டால் எதனை நம்புவான்? காதால் கேட்டதை மறப்பான். கண்ணால் கண்டதையே கற்பான்.

1956ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டில் காலை உணவுத் திட்டமும் தோன்றியது. பசிப்பிணி தீர்த்தலே இவற்றின் முதற்பயன். அதனோடு, ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்ணும் பிள்ளைகள் சமத்துவத்தையும் பழகிக்கொள்கின்றனர். அவ்வரிசையில் ஒரு பிள்ளையைப் பிறப்பால் ஒதுக்கி வைத்தால், மனப்பாடம் செய்த நீதிநூல்கள் அனைத்தும் வீணாகிவிடும்.

மாணவர்களே! நீங்கள் தொடக்கப் பள்ளியைக் கடந்து வந்துவிட்டீர்கள். உங்கள் தம்பி தங்கையர் இப்போது அங்கே பயில்கின்றனர். அவர்கள் ஆசிரியரை மட்டுமன்றி உங்களையும் உற்றுநோக்குகின்றனர். நீங்கள் யாரோடு அமர்ந்து உண்கிறீர்கள், எளியவரை எவ்வாறு அழைக்கிறீர்கள், செய்த தவற்றை ஒப்புக்கொள்கிறீர்களா என்பனவே அவர்கள் கற்கும் பாடங்கள். அவ்விளஞ்செடிகளுக்கு நீங்களும் நிழல் தருவீர்களாக!