பூட்டுப் போட்ட தேயிலை

நகைப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. தேயிலைப் பெட்டிக்கு எதற்குப் பூட்டு? 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே தேயிலை சீனாவிலிருந்து பல மாதக் கடல் பயணம் செய்து வந்தது. அதன்மேல் போட்ட வரி 119 சதவீதம்வரை போயிருந்தது. 1784-இல்தான் சட்டம் கொண்டுவந்து 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள். வசதியான வீடுகளில் தேயிலைப் பெட்டி சமையலறைப் பக்கமே போகாது. வரவேற்பறையில் இருக்கும். சாவி வீட்டுத் தலைவியின் கையில் இருக்கும். விருந்தாளிகள் முன்னிலையில் அவரே திறந்து, அவரே அளந்து போடுவார்.

பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்று 'டீ கேடி' என்று தேடித் திரிவது இந்தப் பெட்டிகளைத்தான். பெயரின் மூலம் 'காத்தி' என்னும் மலாய் எடை அளவு. சீனர்கள் அதை 'ஜின்' என்பார்கள். ஏறக்குறைய 600 கிராம். எடையின் பெயர் பெட்டிக்கு ஒட்டிக்கொண்டது. நாம் சொல்லும் தேயிலையில் இருக்கும் 'தே'யும் சீனாவின் ஃபூஜியன் கடற்கரைப் பேச்சிலிருந்து புறப்பட்டு வந்த சொல்தான்.

இங்கிலாந்திலும் இத்தகைய பெட்டிகளை மரத்திலும் வெள்ளியிலும் செய்தார்கள். ஆனால் குவாங்சோ நகரில் செய்து கப்பலேற்றிய சீனப் பெட்டிகளின் அழகு வேறு. 1757 முதல் 1842 வரை மேற்கு நாட்டு வணிகர்கள் கடல்வழி வந்து வியாபாரம் செய்யச் சீனா அனுமதித்த ஒரே துறைமுகம் அது. அவர்களுடைய கிடங்குகளை ஒட்டியே கைவினைக் கடைகளும் பட்டறைகளும் வளர்ந்தன. கறுப்புப் பளபளப்பு, அதன்மேல் பொன்னிறத்தில் மண்டபங்கள், பாலங்கள், தோட்டத்தில் உலவும் அதிகாரிகள், சிலவற்றில் அடியில் டிராகன் நகம்போலச் செதுக்கிய நான்கு கால்கள். மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு உலோகக் குடுவைகள், பெரிய பெட்டியானால் நான்கு. பச்சைத் தேயிலைக்கு ஒன்று, கறுப்புத் தேயிலைக்கு ஒன்று. குடுவைகள் 'பியூட்டர்' என்னும் வெள்ளீயக் கலவையால் ஆனவை. கும்பகோணத்து ஈயச்சொம்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த மங்கிய வெண்மையும் மென்மையும் உடனே பிடிபடும். துருப் பிடிக்காது, வாசனை ஏறாது. பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் தேயிலைக்கு இதைவிடப் பொருத்தமான உறை அந்தக் காலத்தில் கிடையாது.

அந்தக் கறுப்புப் பளபளப்புக்கு வருவோம். இதைத் தமிழில் 'அரக்குப் பூச்சு' என்று எழுதிவிடுகிறோம். அது தவறு. அரக்கு என்பது ஒரு பூச்சி மரக்கிளைகளில் சுரந்து வைக்கும் பிசின். சீனப் பூச்சு ஒரு மரத்தின் பால். சீனர்கள் அதை 'ச்சி' என்கிறார்கள். மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்ததையும், சேராங்கொட்டைச் சாறு பட்டுத் தோல் கொப்பளித்ததையும் அறிந்தவர்களுக்கு அந்த மரத்தின் குணத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாக் குறி போடச் சேராங்கொட்டையைப் பயன்படுத்தினார்களே, அதே இன வேதிப்பொருள்தான் இந்தப் பாலிலும் இருக்கிறது. பெயர் உருஷியால்.

சுவரில் அடிக்கும் பெயின்ட் நல்ல வெயிலில், உலர்ந்த காற்றில் காயும். இந்தப் பால் நேர்மாறு: ஈரக்காற்று இருந்தால்தான் இறுகும். பாலிலேயே 'லாக்கேஸ்' என்னும் நொதி இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 70, 80 சதவீதமாக இருக்கும்போது அது ஆக்சிஜனைக் கொண்டு உருஷியால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. பின்னி முடிந்தபின் தண்ணீரோ சாராயமோ அதைக் கரைக்க முடியாது. பெரும்பாலான அமிலங்களும் தோற்றுவிடும். ஆனால் ஒவ்வொரு பூச்சும் மிக மெல்லியதாக இருக்க வேண்டும். தடிமனாகப் பூசினால் மேலே தோல்கட்டி, உள்ளே பால் அப்படியே நின்றுவிடும். ஆகவே பூசி, ஈர அறையில் வைத்து, இறுகியபின் தேய்த்து, மறுபடி பூச வேண்டும். செதுக்கு வேலைப்பாடுள்ள சிவப்புப் பெட்டிகளில், சாதிலிங்கம் கலந்த பாலை நூறு முறைக்கு மேலும் பூசி, அந்தத் தடிமனில் பூவும் கொடியும் வெட்டுவார்கள். ஒரு ஜின் பால் சேர நூறு லி தூரம் நடந்து ஆயிரம் வெட்டு போட வேண்டும் என்று சீனாவில் பழமொழியே உண்டு. பெட்டிக்குப் பெயர் தந்த எடையும் அந்த ஒரு ஜின்தான் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த உழைப்பு வீண்போகவில்லை. ஹூனான் மாகாணத்தின் மாவாங்துய் என்னுமிடத்தில் 1972-இல் தோண்டிய கல்லறையில், 2,100 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான உணவுத் தட்டுகளும் மதுக் கிண்ணங்களும் பளபளப்புக் குறையாமல் வெளிவந்தன.

ஐரோப்பியர்களுக்கு இந்தப் பாலை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை, வழியிலேயே கெட்டுவிடும். அதனால் சாராயத்தில் கரைத்த அரக்கைப் பூசிப் போலி செய்தார்கள். 1688-இலேயே ஆங்கிலத்தில் அதற்குச் செய்முறை நூல் வந்துவிட்டது. அந்த அரக்கு போனது இந்தியாவிலிருந்து. அசலில் அரக்கு இல்லை, போலியில் இருக்கிறது. நாம் இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம்.

நம் கரையின் பெயரையே சுமக்கும் ஒரு சீன வேலைப்பாடும் உண்டு. தடித்த பூச்சைக் குடைந்து, குழிகளில் வண்ணம் நிரப்பிச் செய்த மடிப்புத் தட்டிகளையும் பேழைகளையும் உலகம் 'கோரமண்டல்' என்று அழைக்கிறது. கோரமண்டல் என்பது சோழமண்டலம். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அவை சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பா போனதால் வந்த பெயர். இங்கே யாரும் அவற்றைச் செய்யவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. முதலில் வெளிப்புறத்தைப் பார்க்காதீர்கள். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். அசல் குடுவைகள் பெட்டியின் வளைவுக்கு ஏற்ப வார்த்து, ஆடாமல் பொருந்தி நிற்கும். மூடிக்குக் கீழே இன்னொரு மூடியும் பல குடுவைகளில் இருக்கும். குடுவை இல்லாத பெட்டியை அந்தக் குறைக்கேற்ற விலைக்குத்தான் வாங்க வேண்டும். அடுத்து தேய்மானம். கை படும் இடங்களில், மூலைகளில், சாவித்துளையைச் சுற்றி, பொன்வேலை மங்கியிருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே சீராக மங்கியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். 'சைனா' என்று ஆங்கிலத்தில் முத்திரை இருந்தால், அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அந்த ஆண்டு முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்டது. பீங்கானில் செய்த தேயிலைக் குடுவையானால், அதன் அடியில் பேரரசர் பெயர் எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பழைய பேரரசர்களின் பெயரைப் பின்னால் வந்த குயவர்களும் எழுதினார்கள். தந்தத்தாலோ ஆமையோட்டாலோ ஆன பெட்டிகளை, எத்தனை பழமையானாலும், விட்டுவிடுவதே சரி. இந்தியாவில் தந்த வியாபாரம் குற்றம்.

வாங்கியபின் வெயில் படாமல் வையுங்கள். வெயில்தான் இந்தப் பூச்சின் முதல் எதிரி. ஏசி அறையின் வறண்ட காற்றில் மரம் சுருங்கிப் பூச்சு வெடிக்கும். எண்ணெய், பாலிஷ் எதுவும் வேண்டாம். மெல்லிய உலர்ந்த துணி போதும்.

இந்தப் பூட்டுகளுக்கு வேலை இல்லாமல் போன கதை நமக்கு நெருக்கமானது. அசாமில் தோட்டங்கள் வந்தன. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துராவில் தேயிலை நட்டார். தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் அந்த மலைகளில் கொழுந்து பறித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பிரிட்டனில் சீனத் தேயிலையை இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் பின்னுக்குத் தள்ளிவிட்டன. சாதாரண வீட்டு அலமாரியிலும் தேயிலை இருந்தது. சாவியைப் பத்திரப்படுத்த வேண்டிய தேவை யாருக்கும் இல்லாமல் போனது.

கடைசியாக ஒன்று. நம் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அதனால்தான் அதில் ரசம் வைக்கிறோம். பழைய சீனக் குடுவைகளில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருக்கக்கூடும். குடிக்கும் தேயிலையை அவற்றில் போட்டு வைக்காதீர்கள்.