அடுப்புக்குள் ஒரு குட்டி மெழுகுதிரி

இலங்கையின் ஹெந்தளையில் காலை பத்தரை மணி ஆகும்போது இத்தாலியில் குளிர்கால ஆறு மணி. கடந்த மார்கழியில் அந்த நேரத்தில்தான் அக்காவின் மகள் வாட்ஸ்அப்பில் அழைத்தாள். கலியாணம் முடித்து ரெஜியோ எமிலியாவில் குடியிருக்கிறாள்.

"மாமா, ஸ்தூபா பத்துதில்ல. ரெண்டு தரம் போட்டுப் பார்த்திட்டேன். சின்னவன் போர்வைக்குள்ள இருந்து எழும்புறானில்ல."

இத்தாலிய மொழியில் வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு ஸ்தூபா என்று பெயர். இவர்கள் வீட்டில் இருப்பது மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு வில்லைகளில் எரிகிற பெலட் அடுப்பு. இத்தகைய அடுப்புகள் மிக அதிகமாகப் புழங்கும் நாடுகளில் இத்தாலியும் ஒன்று. அவள் அழைத்தபோது, கடலோர உப்புக் காற்றில் கெட்டுப்போன ஒரு மின் கேத்தலைத்தான் நான் மேசையில் பிரித்து வைத்திருந்தேன். கேத்தலுக்கும் அவளுடைய அடுப்புக்கும் ஏறக்குறைய ஒரே நோய் என்பது பிறகு தெரிந்தது.

மரத்தூளில் அடுப்பெரிப்பது நமக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மரத்தூள் அடுப்பு இருந்தது. பெரிய தகரப் பேணி; அடியோரத்தில் ஓர் ஓட்டை. நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு தடியைப் போத்தலின் அடிவரை செருகி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கி அடைப்பார் அம்மா. பிறகு போத்தலையும் தடியையும் மெல்ல உருவினால் காற்றுக்கு வழி கிடைத்துவிடும். கீழே கொளுத்திவிட்டால் உட்சுவர் மெதுவாக எரிந்துகொண்டே இருக்கும். தூள் ஈரமாக இருந்தால் புகை கண்ணைக் கரிக்கும். தளர்வாக அடைத்தால் நடுவிலேயே சரிந்துவிடும். 2022இல் எரிவாயு சிலிண்டருக்காக வீதியில் வரிசை நின்றபோது, அந்தப் பேணியை வீசாமல் வைத்திருக்கலாமே என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

பெலட் என்பது அதே மரத்தூள்தான். இறுக்கும் வேலையைத் தொழிற்சாலை செய்கிறது. உலர்ந்த தூளை உருக்குத் தகட்டின் துளைகள் வழியே பெரும் அழுத்தத்தில் தள்ளும்போது உராய்வில் சூடேறி, மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகுகிறது. ஆறியதும் பசைபோல இறுகித் தூளைப் பிடித்துக்கொள்கிறது. வேறு பசை தேவைப்படுவதில்லை. வீட்டு அடுப்புக்கான நல்ல பெலட்டின் விட்டம் 6 அல்லது 8 மில்லிமீற்றர். ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. புதிதாக வெட்டிய மரத்தில் எடையின் பாதியளவு நீராகவே இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு உலர்ந்த எரிபொருள் என்பது விளங்கும். ஒரு கிலோ பெலட்டில் ஏறத்தாழ 4.8 மின் அலகுகளுக்குச் சமமான வெப்பம் அடங்கியிருக்கிறது.

இந்த வகை அடுப்பை 1980களில் வடிவமைத்தவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வான்கலப் பொறியியலாளர் ஜெரி விட்ஃபீல்ட். தொடக்கத்தில் இவற்றைக் கையால்தான் கொளுத்த வேண்டியிருந்தது. இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இருப்பது போன்ற ஒரு திருகுத் தண்டு சுழன்று, ஒரு பிடி பெலட்டை எரிகிண்ணத்தில் கொட்டும். விசிறி காற்றை இழுக்கும். கிண்ணத்தின் பின்னால், பென்சில் பருமனில் உள்ள ஓர் உலோகக் குச்சி செந்தணலாகச் சிவக்கும். அதன்மீது உரசி வரும் காற்று சில நூறு பாகைக்குச் சூடாகி, ஒரு துளை வழியாகப் பெலட்டின்மேல் பாயும். 200 பாகை செல்சியஸைத் தாண்டியதும் மரம் சிதைந்து வாயுக்களை விடத் தொடங்கும். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதுதான். புகைபோக்கியில் உள்ள உணரி வெப்பம் ஏறியதைக் கண்டதும் குச்சிக்குப் போகும் மின்சாரத்தை அடுப்பே நிறுத்திவிடும். குறித்த நேரத்துக்குள் வெப்பம் ஏறவில்லையென்றால் எச்சரிக்கை ஒலி எழும். மருமகள் கேட்டது அந்த ஒலியைத்தான்.

அந்தக் குச்சியை இத்தாலியர்கள் 'கன்டெலெத்தா' என்கிறார்கள். குட்டி மெழுகுதிரி என்று பொருள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துப்போனதில் வியப்பில்லை. நாம் அதைப் பற்றவைப்பான் என்போம்.

உள்ளே இருப்பது ஒரு கம்பிச் சுருள். பெரும்பாலும் நைக்குரோம்: நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ரோஸ்டர் முதல் அயர்ன் வரை நம் வீட்டின் சூடேற்றும் கருவிகள் பலவற்றுக்கும் வாழ்வு கொடுத்தது இந்தக் கலவைதான். சிவக்கச் சூடேறும்போது இதன் மேற்பரப்பில் குரோமியம் ஒட்சைட்டுப் படலம் ஒன்று படியும். அது கவசமாக நின்று, உள்ளேயிருக்கும் உலோகம் காற்றில் அரிக்கப்படாமல் காக்கும். சுருளைச் சுற்றி மக்னீசியம் ஒட்சைட்டுத் தூள் இறுக்கி நிரப்பப்பட்டிருக்கும். இந்த வெள்ளைத் தூள் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. வெளியே துருப்பிடிக்காத உருக்குக் குழாய். என் மேசையில் கிடந்த கேத்தலின் எலிமென்டும் இதே அமைப்புத்தான்.

"புதுசு ஒண்டு வாங்கி மாத்தட்டா மாமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறு பிள்ளை. முதலில் அளந்து பார்ப்பம்."

அடுப்பு பற்றாததற்குப் பற்றவைப்பான்தான் காரணம் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவுகட்டக் கூடாது. எரிகிண்ணத்தின் துளைகள் சாம்பலால் அடைபட்டிருக்கலாம். பெலட் ஈரம் பிடித்திருக்கலாம். நல்ல பெலட்டைக் கையில் முறித்தால் 'டக்' என்று ஒடியும். ஈரம் பிடித்தது உதிரும். கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருக்கலாம். உருகி (ஃபியூஸ்) எரிந்திருக்கலாம். இவை எதையும் பார்க்காமல் புதிய குச்சியை வாங்கிப் போட்டால் காசும் போகும், வீடும் குளிரும். எரிகிண்ணத்தைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்யச் சொன்னேன். உள்ளே விழுந்து கிடந்த பழைய பெலட்டையும் முழுக்க அள்ளிவிடச் சொன்னேன். இதில் அலட்சியம் கூடவே கூடாது. பற்றாமல் குவிந்த பெலட் புகைந்து வாயு நிரம்பிய நிலையில் மறுபடி தீப்பற்றினால் ஒரே வீச்சில் வெடித்துச் சுவாலை வீசும். பெற்றோல், ஸ்பிரிட் போன்றவற்றை ஊற்றிக் கொளுத்துவது உயிராபத்து.

சுத்தம் செய்த பிறகும் அடுப்பு பற்றவில்லை. அதனால் மல்டிமீற்றரால் குச்சியின் தடையை அளக்கத் தொடங்கினோம்.

அளப்பதற்கு முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அடுப்பு முழுதாக ஆறியிருக்க வேண்டும். பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் குச்சியிலிருந்து இரண்டு வயர்கள் வருவது தெரியும். அவற்றை இணைப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். இணைப்போடு வைத்து அளந்தால் மீற்றர் மற்றச் சுற்றுகளையும் சேர்த்து அளந்து ஏமாற்றிவிடும்.

எவ்வளவு காட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ஓம் 1827இல் வெளியிட்ட விதியும், ஜூல் 1840களில் கண்ட வெப்ப விதியும் இதற்குப் போதும். மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி, வாற்று அளவால் வகுத்தால் தடை வரும். இத்தாலியிலும் நம்மைப்போல 230 வோல்ற்று. குச்சியில் 250 வாற்று என்று பொறித்திருந்தது. 230ஐ 230ஆல் பெருக்கினால் 52,900. அதை 250ஆல் வகுத்தால் ஏறத்தாழ 212 ஓம். 300 வாற்றுக் குச்சி என்றால் 176 ஓம் அளவில் வரும். தயாரிப்பில் சிறு ஏற்றத்தாழ்வு இருப்பதால் சில ஓம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். குச்சி வேலை செய்யும்போது சிவந்திருக்கிறது. நாம் அளப்பதோ ஆறிய நிலையில். இந்தக் கணக்கு சரியாகுமா? பழைய இழை மின்குமிழில் இது சரிவராது. அதிலுள்ள தங்ஸ்தன் இழையின் தடை, ஆறிய நிலையில் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலாக எரியும்போது உயர்ந்துவிடும். நைக்குரோமின் தடை சூட்டில் சில சதவீதமே மாறும். அதனால்தான் குளிர்ந்த குச்சியை மேசையில் வைத்து அளந்தே அதன் நிலையைச் சொல்ல முடிகிறது.

கமராவை மீற்றரின் பக்கம் திருப்பினாள். திரையில் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றது. "ஒண்டு காட்டுது மாமா" என்றாள். சாதாரண டிஜிட்டல் மீற்றரில் அது ஒரு ஓம் அல்ல. "என் அளவெல்லைக்கு மேலே" என்று மீற்றர் சொல்வது. குமிழ் 200இல் நின்றது. 212 ஓமை 200 எல்லையில் வைத்து அளந்தால் நல்ல குச்சியும் செத்த குச்சிபோலத்தான் தெரியும். குமிழை 2000க்குத் திருப்பச் சொன்னேன். முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பூச்சியத்துக்கு அருகில் வந்தது. மீற்றரும் வயர்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. மறுபடி குச்சியில் வைத்தாள். மீண்டும் அதே 1. வயரை மெல்ல ஆட்டிப் பார்த்தும் மாற்றமில்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

கம்பி ஏன் அறுகிறது? ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் அறைச் சூட்டிலிருந்து பல நூறு பாகைக்கு ஏறி இறங்குகிறது. விரிந்து சுருங்குவதால் கவசப் படலத்தில் வெடிப்பு விழும். புதிய உலோகம் வெளிப்பட்டு அதுவும் ஒட்சைட்டாகும். எங்கோ ஓரிடத்தில் கம்பி சற்று மெலியும். மெலிந்த இடத்தில் தடை அதிகம். அங்கே வெப்பமும் அதிகம். அதனால் அந்த இடம் இன்னும் வேகமாக மெலியும். ஒரு நாள் அங்கேயே அறும். அதோடு, குச்சியின் சூட்டை அள்ளிக்கொண்டு போக வேண்டிய காற்றைச் சாம்பல் அடைத்துவிட்டால், சூடு வெளியேற வழியில்லாமல் குச்சியே வெந்துபோகும். அவள் வீட்டில் எரிகிண்ணத் துளைகளில் பாதி அடைபட்டிருந்தன. அதைச் சரிசெய்யாமல் குச்சியை மட்டும் மாற்றியிருந்தால் புதியதுக்கும் அதே கதிதான்.

இன்னோர் அளவையும் எடுக்கச் சொன்னேன்: ஒரு முனையை வயரிலும் மறு முனையை உருக்குக் குழாயிலும் வைப்பது. இங்கே மீற்றர் எல்லை கடந்து காட்டினால்தான் நல்லது. ஏதாவது எண் வந்தால் மின்சாரம் குழாய்க்குக் கசிகிறது என்று பொருள். அடுப்பைப் போட்டதும் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுவது இதனால்தான். மக்னீசியம் ஒட்சைட்டு ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கோடை முழுவதும் சும்மா கிடந்த குச்சி, குளிர்காலத்தின் முதல் நாளில் ட்ரிப் சுவிட்சை விழுத்துவதுண்டு. கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஹெந்தளையில் பாவிக்காமல் வைத்த கேத்தலும் அயர்னும் செய்வது இதையேதான். மல்டிமீற்றர் சில வோல்ற்றில்தான் அளக்கிறது. ஆகவே சிறிய கசிவு அதன் கண்ணுக்குத் தப்பிவிடலாம். ட்ரிப் விழுந்துகொண்டே இருந்தால் 500 வோல்ற்றில் சோதிக்கும் மெகரோடு ஒரு மின் வினைஞர் வந்து பார்ப்பதே முறை. விழும் சுவிட்சைத் தூக்கிக் கட்டிவைத்துவிட்டுக் குளிர்காய்வது சாவை வீட்டுக்குள் அழைப்பது.

மாற்றும் வேலை சிறியது. கவனம் பெரிதாக வேண்டும். அடுப்பு உத்தரவாதக் காலத்தில் இருந்தால் கை வைக்காமல் உரியவரை அழைக்க வேண்டும். இல்லையென்றால், கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்து, குச்சி அதைத் தாங்கும் குழலுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். புதியதில் வோல்ற்றளவு, வாற்று, நீளம், விட்டம் நான்கும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். கூடிய வாற்று இருந்தால் விரைவாகப் பற்றும் என்று எண்ணி மாற்றினால், அடுப்பின் கட்டுப்பாட்டுப் பலகை அதைத் தாங்குமா என்ற கேள்வி வரும். குச்சியைப் பிடித்திருக்கும் சிறு ஸ்க்ரூ சூட்டில் இறுகியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை வழுகிவிடும். குழலைத் தூசியில்லாமல் துடைத்து, பழைய ஆழத்துக்கே செருகி, வெப்பம் தாங்கும் இணைப்பிகளால் வயரைப் பூட்ட வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் டேப் அங்கே உருகிவிடும்.

குச்சி தபாலில் வர மூன்று நாள் ஆனது. பூட்டுவதற்கு முன் அதையும் அளக்கச் சொன்னேன். 208 ஓம். குழாய்க்கு வைத்தபோது எல்லை கடந்து காட்டியது. மருமகன் பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் முதலில் ஒரு மெல்லிய புகைச்சுருள். ஏழாவது நிமிடம் கிண்ணத்தின் மூலையில் ஒரு சிறு நீலத் துளி. பிறகு மஞ்சள் சுவாலை. ஏழு நிமிடத்தில் அந்தக் குச்சி செலவழித்த மின்சாரம் 0.03 அலகு மட்டுமே. அது திறந்துவிட்ட வெப்பமோ கிலோவுக்கு 4.8 அலகு.

சின்னவன் போர்வையோடு வந்து அடுப்பின் முன் குந்தினான். அவனைக் கொண்டே ஒரு வேலை செய்வித்தோம். ஒரு துண்டு ஒட்டுத்தாளில் "208 ஓம்" என்றும் அன்றைய தேதியையும் எழுதி, பின்பக்கத் தகட்டின் உட்புறத்தில் ஒட்டினான். அடுத்த முறை அடுப்பு பற்றாவிட்டால், புதியதாக இருந்தபோது குச்சி என்ன காட்டியது என்று யாரும் ஊகிக்கத் தேவையில்லை. அன்று மாலை என் கேத்தலின் அடியிலும் அதேபோல் ஓர் எண்ணை எழுதி வைத்தேன்.