தூசுக்குள் பிறக்கும் நட்சத்திரம் அகச்சிவப்பில் தெரிவது ஏன்?

மார்கழி முன்னிரவில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் நின்று கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று நட்சத்திரங்கள். சற்றுத் தெற்கே மங்கலாக ஒரு திட்டு. அதுதான் ஓரியன் நெபுலா. தொலைவு சுமார் 1,300 ஒளியாண்டு. அங்கே இன்றும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. ஆனால், பிறக்கும் இடத்தைத் தூசு மூடியிருக்கிறது.

அந்தத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய அதே அளவு என்பதால், ஒளி சிதறி, உறிஞ்சப்பட்டு மடிகிறது. அலைநீளம் கூடினால் தடை குறையும். கண்ணுக்குரிய ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே விடும் தூசு, 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தை விட்டுவிடுகிறது! எனக்கு இன்றும் வியப்பூட்டும் கணக்கு இது.

இன்னொன்றும் உண்டு. இளம் நட்சத்திரம் சுற்றியுள்ள தூசைச் சூடாக்க, தூசே அகச்சிவப்பை உமிழ்கிறது. பொழுது சாய்ந்தபின் கிரிவலப் பாதையோரக் கற்சுவரருகே கை நீட்டினால் உறைக்கும் சூடும் அதே கதிர்தான். ஓரியனில் இப்படி ஒளிந்திருந்த ஒன்றை வானியலாளர்கள் பெக்லின், நியூகெபவர் இருவரும் 1967இல் அறிவித்தார்கள்.

பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறதே, அது போதாதா? அகச்சிவப்பின் பெரும்பகுதியைக் காற்றின் நீராவி விழுங்கிவிடும்; உயரே போகப் போக நீராவி குறையும். காவலூரின் உயரம் சுமார் 725 மீட்டர்தான். ஆகவேதான் லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி. அதை பெங்களூரு அருகே ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியே இயக்குகிறார்கள்.