லூபின் விதையை கார்ட்டில் போட்டுட்டீங்களா? ஒரு நிமிஷம்!

கிளையெல்லாம் அருவி மாதிரி தொங்கும் ஊசியிலை மரம். அதன் காலடியில் ஊதா நிறத்தில் கொத்துக்கொத்தாக நிமிர்ந்து நிற்கும் லூபின் பூக்கள். இந்த மாதிரி ரீல்ஸைப் பார்த்துட்டு, 'நம்ம பட்டினப்பாக்கம் வீட்டுக்கும் வேணும்'னு ஆன்லைனில் விதை தேடுறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

ரெண்டுமே குளிர் கேட்கும் செடிகள். கிளை தொங்கும் ஸ்ப்ரூஸ் மரத்துக்குச் சொந்த ஊர் மேற்கு இமயமலை. காட்டு லூபினுக்கு வட அமெரிக்கா. ஊட்டி குளிரில் லூபின் பூக்கும். சென்னையின் மே மாத வெயிலுக்கும், ராத்திரியிலும் விடாத புழுக்கத்துக்கும் தாங்காது.

அந்த அழகு நமக்கு இல்லையானு கேட்டா, இருக்கு. அபார்ட்மென்ட் மதில் ஓரமா கிளைகளைத் தொங்கவிட்டு ஒல்லியா நிற்குமே, நெட்டிலிங்கம்! பலரும் அதை அசோக மரம்னு சொல்றாங்க. நிஜ அசோகம் வேற. குறுகலான இடமே இதுக்குப் போதும். தயவுசெய்து உச்சியை மட்டும் வெட்டாதீங்க, அந்த ஒயிலே போயிடும். பச்சைப் புள்ளிகளோடு பரபரனு பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி இதன் இலையில்தான் முட்டையிடும்.

ஊசியிலைதான் வேணும்னா சவுக்கு. பார்க்க பைன் மரத்தோட தம்பி மாதிரி இருக்கும், ஆனா பூக்கும் மர வகை. நாம ஊசினு நினைக்கிறது இலையே இல்லை, கணுக்கணுவான பச்சைக் குச்சி. கணுவில் உத்துப் பார்த்தா செதில் மாதிரி தெரியுதே, அதுதான் இலை! உப்புக்காற்று இதுக்குப் பழக்கம். பால்கனிதான் இருக்குன்னா தொட்டியில் போன்சாயாக வளர்க்கலாம்.

லூபினுக்குப் பதில்? கொழுஞ்சி. காலி மனையில் தானா முளைச்சுக் கிடக்கும் அதே கொழுஞ்சிதான். லூபின் மாதிரியே இதுவும் அவரைக் குடும்பம். வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடிச்சு உரமாக்கும். அதனாலதான் விவசாயிகள் இதை வயலில் மடக்கி உழறாங்க. பூ சின்னதுதான், லூபின் அளவுக்கு ஷோ காட்டாது. ஆனா கொத்தா ஊதாவில் பூக்கும். மணல் மண், வெயில், ஒருநாள் தண்ணி ஊத்த மறந்தது எதுவும் பெரிசா பாதிக்காது. விதை ஓடு கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்ச்சு, ஒரு ராத்திரி ஊறவெச்சு விதையுங்க.

மிச்சம் இருக்கும் வெளிநாட்டு விதையை பீச் பக்கம் தூவும் ஐடியா இருந்தா, வேண்டாம். நியூசிலாந்தில் அழகுக்காகப் போன லூபின், ஆற்றுப்படுகை முழுக்கப் பரவி, அங்கே கூடு கட்டும் பறவைகளின் இடத்தையே பிடுங்கிடுச்சு. நம்ம கடற்கரை மணலைப் பிடிச்சு வைக்க அடம்புக்கொடி இருக்கு. அதுவும் ஊதாப் பூதான். காலையில் வாக்கிங் போனா விரிஞ்சிருக்கும்.