நம் மாநிலத்திலேயே உயர்கல்வி



என் இளமையில் கிளேபாங் பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்ல கோலாலம்பூர், பினாங்கு என்று வெளியூர் போகவேண்டும். செலவுக்கு அஞ்சி எஸ்.பி.எம். தேர்வோடு நின்றவர்களில் நானும் ஒருவன்.

பின்னர் நிலைமை மாறியது. 1996-இல் தோன்றிய மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் மலாக்கா வளாகம் புக்கிட் பெருவாங்கில் உள்ளது. 2000-இல் உருவான மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டுரியான் துங்காலிலும், அரசு பாலிடெக்னிக் மெர்லிமாவிலும் உள்ளன. 1997 முதல் பி.டி.பி.டி.என். கல்விக்கடன் உண்டு.

ஆனால் அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் அவசியம். மற்ற பாடங்களில் சிறந்த பிள்ளையும் இதில் தவறினால் வாசலிலேயே நின்றுவிடும்.

அன்னதானம் வழங்கும் பெருமக்களே, ஓர் ஏழைப் பிள்ளையின் மலாய்மொழி டியூஷன் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இறையருள் பெருகட்டும்.